ஸ்பானிஷில் 'தெரியும்': ஸபேர் எங்கே, கொனொஸேர் எங்கே?

கேள்வி இதுதான்: "ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கிச் சில வாரங்கள் ஆகின்றன. 'தெரியும்' என்று சொல்ல ஸபேர், கொனொஸேர் என இரண்டு வினைகள் இருக்கின்றன. செய்தி என்றால் ஸபேர், ஆள் என்றால் கொனொஸேர் என்று பாடத்தில் போட்டிருக்கிறது. அப்படியானால் 'எனக்கு இந்தப் பாட்டுத் தெரியும்', 'எனக்கு லீமா தெரியும்', 'எனக்கு நீந்தத் தெரியும்' என்பதையெல்லாம் எதில் சேர்ப்பது? பேசும்போது ஒவ்வொரு முறையும் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது."

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். நீச்சலுக்கு ஸபேர், அதில் சந்தேகமே இல்லை. லீமா நகரத்துக்குக் கொனொஸேர். அதுவும் பொதுவாக அங்கே போய் வந்தவர் சொல்வது. பாட்டுக்கு இரண்டுமே வரும், ஆனால் பொருள் மாறும்: கேட்டிருக்கிறேன் என்றால் கொனொஸேர், வரி மறக்காமல் பாடுவேன் என்றால் ஸபேர்.

பாடத்தில் சொன்ன 'செய்தி, ஆள்' பிரிவினை தவறில்லை, ஆனால் அது பாதிதான். பெரும்பாலான பாடநூல்களும் செயலிகளும் ஆங்கிலம் பேசுகிறவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நாமோ தமிழில் நினைத்து, அதை ஆங்கிலமாக்கி, அந்த ஆங்கிலத்தை ஸ்பானிஷாக்குகிறோம். இந்த இரண்டு வினைகள் விஷயத்தில் அந்தச் சுற்றுவழி நமக்கு நஷ்டம். தமிழிலும் 'தெரியும்' ஒரே சொல்தான், ஆனால் அதற்கு முன்னால் நிற்பதைப் பாருங்கள்: '...என்று தெரியும்', 'செய்யத் தெரியும்', 'அவரைத் தெரியும்'. வாக்கியத்தின் அமைப்பிலேயே வேறுபாடு இருக்கிறது. ஸ்பானிஷ் அந்த வேறுபாட்டை வினையில் காட்டுகிறது, அவ்வளவுதான். எனவே தமிழ் வாக்கியத்தை முழுதாக மனத்தில் சொல்லிப் பார்த்துவிட்டு, ஆங்கிலத்தை இடையில் நுழையவிடாமல் நேரே ஸ்பானிஷுக்குப் போங்கள். கீழே எழுதியிருப்பதெல்லாம் இதன் விரிவுதான்.

வடிவங்களை விரைவாகப் பார்த்துவிடலாம். ஸபேர்: நான் ஸே, நீ ஸாபெஸ், அவர் அல்லது நீங்கள் ஸாபே, நாங்கள் ஸபேமோஸ், அவர்கள் ஸாபென். கொனொஸேர்: கொனோஸ்கோ, கொனோஸெஸ், கொனோஸே, கொனொஸேமோஸ், கொனோஸென். நிகழ்காலத்தில் இரண்டுமே 'நான்' வடிவத்தில் மட்டும்தான் முரண்டு பிடிக்கும், மற்றவை ஒழுங்காக வரும். கொனோஸ்கோவில் நுழையும் அந்த 'ஸ்கோ' இந்த ஒரு வினைக்கு மட்டும் உரியதல்ல. பரெஸேர் (தோன்றுதல்) பரேஸ்கோ ஆகும், கொந்துஸீர் (வண்டி ஓட்டுதல்) கொந்தூஸ்கோ ஆகும், த்ரதுஸீர் (மொழிபெயர்த்தல்) த்ரதூஸ்கோ ஆகும். இப்போது இதைப் பிடித்துக்கொண்டால் பின்னால் ஒரு கூட்டம் வினைகள் இலவசமாக வரும். நான் எழுதுவது லத்தீன் அமெரிக்க உச்சரிப்பு. ஸ்பெயினின் பெரும்பகுதியில் கொனொஸேரின் அந்த 'ஸே' நாக்கு நுனியைப் பற்களுக்கிடையே வைத்துச் சொல்லும் ஒலி, ஆங்கில 'தேங்க்ஸ்' என்பதன் முதல் ஒலி போல. எது உங்கள் காதில் விழுகிறதோ அதையே பின்பற்றுங்கள், இரண்டையும் கலக்க வேண்டாம். எழுதும்போது மட்டும் ஒரு கவனம்: 'எனக்குத் தெரியும்' என்ற ஸேயின் உயிரெழுத்து மேல் சாய்கோடு கட்டாயம். கோடு இல்லாத ஸே வேறு சொல். 'தன்னை', 'ஒருவரையொருவர்' என்ற பொருளில் வருவது.

இனி அமைப்புக்கு வருவோம். 'என்று' போட முடிகிற இடமெல்லாம் ஸபேர். ஆனா என்ற பெண் லீமாவில் இருக்கிறாள் என்று தெரியும்: ஸே கே ஆனா பீபே என் லீமா. வருவானா என்று தெரியவில்லை: நோ ஸே ஸி பியேனே. என்ன விலை என்று தெரியும்: ஸே குவாந்தோ குவெஸ்தா. கழிவறை எங்கே இருக்கிறது என்று தெரியுமா: ஸாபெஸ் தோந்தே எஸ்தா எல் பான்யோ? கே, ஸி, கேள்விச்சொற்கள் எல்லாம் ஸபேருக்குப் பின்னால்தான் வரிசையாக நிற்கும். அன்றாடப் பேச்சில் கொனொஸேருக்குப் பின்னால் 'கே' வராது. 'கொனோஸ்கோ கே' என்று வாய் தொடங்கினால் உடனே நிறுத்தி 'ஸே கே' என்று மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது 'செய்யத் தெரியும்'. ஆங்கிலத்தில் நினைக்கிறவர்கள் இங்கே 'எப்படி' என்ற சொல்லைத் தேடி நடுவில் செருகுவார்கள். தமிழில் அந்த 'எப்படி' இல்லை. நீந்த, சமைக்க, ஓட்ட என்று செயவென் எச்சம், அதன்பின் தெரியும். ஸ்பானிஷும் அப்படியே: ஸே நதார், ஸே கொஸினார். ஆனா ஸாபே தொகார் லா கிதார்ரா, ஆனாவுக்குக் கிதார் வாசிக்கத் தெரியும். இரண்டு சொல்லுக்கும் இடையில் ஒன்றும் வேண்டாம். 'கற்றுக்கொள்கிறேன்' என்னும்போது மட்டும் ஓர் 'ஆ' நடுவில் வரும்: அப்ரேந்தோ ஆ நதார். அந்த 'ஆ'வை ஸபேரிலும் ஒட்டிவிடாதீர்கள்.

இதே இடத்தில் தமிழ் இன்னொரு உதவியும் செய்கிறது. 'நீந்தத் தெரியாது', 'நீந்த முடியாது' இரண்டையும் நாம் ஒருபோதும் குழப்பிக்கொள்வதில்லை. ஸ்பானிஷிலும் அதே எல்லைதான். நோ ஸே நதார் என்றால் கற்கவே இல்லை. நோ புவேதோ நதார் என்றால் தெரியும், ஆனால் இன்று காய்ச்சலாகவோ கையில் கட்டாகவோ இருக்கிறது. ஸே கொந்துஸீர், பேரோ நோ புவேதோ: ஓட்டத் தெரியும், ஆனால் முடியாது, உரிமம் கையில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். (மெக்ஸிகோவிலும் தென் அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் கொந்துஸீருக்குப் பதிலாக மனெஹார் என்பார்கள்.) ஆங்கிலத்தின் 'கேன்' இந்த இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுவதால், அந்த வழியாக வருகிறவர்கள் எல்லாவற்றுக்கும் புவேதோ என்பார்கள். தமிழில் நினைத்தால் இந்தத் தவறு வரவே வராது.

மூன்றாவது 'அவரைத் தெரியும்'. இங்கே கொனொஸேர். இதில் தமிழும் ஸ்பானிஷும் ஒத்துப்போவதைப் பலர் கவனிப்பதில்லை. 'எனக்கு ஆனா தெரியும்' என்று நாம் சொல்வதில்லை. 'ஆனாவைத் தெரியும்' என்றுதான் சொல்வோம். ஆள் என்றால் 'ஐ' வந்தே தீரும். அஃறிணைக்கு அது விருப்பம்: வழி தெரியும் என்றாலும் சரி, வழியைத் தெரியும் என்றாலும் சரி. ஸ்பானிஷிலும் செயப்படுபொருள் ஆளாக இருந்தால் முன்னால் ஓர் 'ஆ' வரும்: கொனோஸ்கோ ஆ ஆனா. பொருளாக இருந்தால் அது வராது: கொனோஸ்கோ எல் லீப்ரோ, அந்தப் புத்தகத்தைத் தெரியும். ஆங்கிலத்தில் இப்படி ஒன்று இல்லாததால், ஆங்கிலம் வழிப் பாடங்களில் இதை விந்தையான விதியாகப் பக்கம் பக்கமாக விளக்குவார்கள். நமக்கு அது 'ஐ' செய்யும் வேலைதான், சொல்லுக்குப் பின்னால் ஒட்டாமல் முன்னால் நிற்கிறது.

யாரையாவது, யாரையும் என்ற சொற்களிலும் ஒற்றுமை தொடர்கிறது. 'யாராவது தெரியுமா' என்று வேகமாகப் பேசும்போது சொன்னாலும், நிதானமாகச் சொன்னால் 'லீமாவில் யாரையாவது தெரியுமா' என்போம்: கொனோஸெஸ் ஆ ஆல்கியென் என் லீமா? 'இங்கே எனக்கு யாரையும் தெரியாது': நோ கொனோஸ்கோ ஆ நாதியே அகீ. ஆல்கியெனுக்கும் நாதியேவுக்கும் முன்னால் அந்த 'ஆ'வை ஒருபோதும் விடக்கூடாது. ஆனால் 'நல்ல உணவகம் ஏதாவது தெரியுமா' என்னும்போது ஆள் இல்லை, அதனால் 'ஆ'வும் இல்லை: கொனோஸெஸ் உன் ரெஸ்தௌராந்தே புவேனோ? அந்த 'ஆ'வுக்குப் பின்னால் 'எல்' வந்தால் இரண்டும் சேர்ந்து 'அல்' ஆகும்: கொனோஸ்கோ அல் ப்ரொஃபெஸோர், ஆசிரியரைத் தெரியும். ஊர்ப்பெயரில் மட்டும் கொஞ்சம் பிரிகிறோம். நாம் 'மதுரையைத் தெரியும்' என்று ஐ சேர்த்துச் சொல்லலாம், இன்றைய ஸ்பானிஷில் ஊருக்கு 'ஆ' போடுவதில்லை: கொனோஸ்கோ லீமா.

ஒரே ஆளைப் பற்றி இரண்டு வினையும் வரும் ஒரு வாக்கியத்தைப் பாருங்கள். ஸே கியேன் எஸ் மெஸ்ஸி, பேரோ நோ லோ கொனோஸ்கோ. மெஸ்ஸி யார் என்று தெரியும், ஆனால் அவரைத் தெரியாது, அதாவது பழக்கமில்லை. அவர் 1987இல் ரொஸாரியோவில் பிறந்தார் என்பதும் எனக்குத் தெரியும்: ஸே கே நஸியோ என் ரொஸாரியோ என் 1987. இப்படி ஒருவரைப் பற்றி நூறு செய்தி தெரிந்திருந்தாலும் அத்தனையும் ஸபேர்தான். நூறு சேர்ந்தாலும் கொனொஸேர் ஆகிவிடாது. ஒரு முறை நேரில் அறிமுகமாகிக் கைகுலுக்கினால் கொனொஸேர் ஆகிவிடும், அவர் பிறந்த ஊர் தெரியாவிட்டாலும். பாடத்தில் ஆள் என்றால் கொனொஸேர் என்று எழுதியிருப்பதைச் சற்று மாற்றி, 'ஆளைப் பற்றி' என்றால் ஸபேர், 'ஆளை' என்றால் கொனொஸேர் என்று திருத்திக்கொள்ளுங்கள்.

கொனொஸேரில் படிகளும் உண்டு. முகத்தை மட்டும் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை என்றால் லோ கொனோஸ்கோ தே பீஸ்தா. பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறேன் என்றால் தே ஓஈதாஸ். நேரில் என்றால் என் பெர்ஸோனா. 'முகப்பழக்கம்தான்', 'கேள்விப்பட்டிருக்கிறேன்', 'நேர்ப்பழக்கம் உண்டு' என்று நாம் சொல்வதற்கு இவை நேருக்கு நேர் பொருந்தும். இரண்டு பேரை அறிமுகப்படுத்தும்போது முதலில் காதில் விழுவது 'ஸே கொனோஸென்?' என்ற கேள்வி: உங்களுக்குள் முன்பே பழக்கமா? இங்கே வரும் ஸே, கோடு இல்லாத ஸே. யா நோஸ் கொனொஸேமோஸ் என்றால் நாங்கள் ஏற்கெனவே அறிமுகமானவர்கள். புதியவரிடம் சொல்லும் என்கந்தாதோ தே கொனொஸேர்தே (பெண் சொன்னால் என்கந்தாதா), 'உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி', அதுவும் இந்த வினைதான். கடைசியில் உள்ள 'தே' நீ என்று சொல்லக்கூடியவர்களுக்கு. வயதில் மூத்தவர், முதன்முறை பார்க்கும் அதிகாரி என்றால் கொனொஸேர்லோ, கொனொஸேர்லா என்று மரியாதையாக மாற்றுங்கள். ஸ்பெயினில் ஆணுக்குக் கொனொஸேர்லே என்றும் சொல்வார்கள். நீ, நீங்கள் என்ற பிரிவினையிலேயே வளர்ந்த நமக்கு தூ, உஸ்தேத் பழகுவது கடினமில்லை.

ஊர் விஷயத்தில் நிதானம் தேவை, ஏனென்றால் இங்கேதான் தமிழின் 'தெரியும்' சற்றுத் தளர்வாக இருக்கிறது. 'குஸ்கோ தெரியுமா?' என்று நாம் கேட்டால், கேள்விப்பட்டிருக்கிறாயா என்றும் இருக்கலாம், போயிருக்கிறாயா என்றும் இருக்கலாம். லீமாவில் ஒரு டாக்ஸிக்காரர் உங்களிடம் 'கொனோஸே குஸ்கோ?' என்று கேட்டால், அவர் கேட்பது போயிருக்கிறீர்களா என்பதை. இன்காக்களின் தலைநகராக இருந்தது, மாச்சு பிச்சுவுக்குப் போகிறவர்கள் தங்குமிடம் என்பதெல்லாம் தெரிந்திருக்கிறது என்பதற்காக 'ஸீ' என்று தலையாட்டினால், அடுத்த கேள்வி அங்கே எங்கே தங்கினீர்கள் என்று வரும். படித்தது மட்டும்தான் என்றால் இப்படிச் சொல்லுங்கள்: ஸே முச்சோ ஸோப்ரே குஸ்கோ, பேரோ நோ லோ கொனோஸ்கோ. குஸ்கோவைப் பற்றி நிறையத் தெரியும், ஆனால் போனதில்லை. போக வேண்டும் என்ற ஆசையையும் இதே வினையில் சொல்வார்கள்: கியேரோ கொனொஸேர் குஸ்கோ. 'பார்க்க வேண்டும்' என்று தமிழில் சொல்வோமே, அந்தப் 'பார்க்க'.

கடலுக்கும் அப்படித்தான். நோ கொனோஸ்கோ எல் மார் என்று ஒருவர் சொன்னால், கடலைக் கண்ணால் கண்டதில்லை என்று பொருள். பொலிவியா, சிலியுடன் 1879இல் தொடங்கிய போரில் தன் கடற்கரையை முழுவதும் இழந்த நாடு. அங்கே மலைமேல் வளர்ந்து இந்த வாக்கியத்தைச் சொல்கிறவருக்குக் கடல் என்றால் என்ன என்று தெரியாமல் இல்லை. ஸாபே, பேரோ நோ கொனோஸே.

இனி உங்களைத் தடுமாற வைக்கும் சாம்பல் பகுதி: ஆளும் இல்லை, ஊரும் இல்லை, வெறும் பெயர்ச்சொல். பெயர், விலாசம், பதில், பாட்டு, வழி, விதி, மொழி. இவற்றுக்கு நான் சொல்லித் தரும் சோதனை ஒன்றுதான். அந்தப் பெயர்ச்சொல்லை 'என்ன என்று', 'எங்கே என்று' என விரித்துப் பாருங்கள். 'அவர் பெயர் தெரியும்' என்பது 'அவர் பெயர் என்ன என்று தெரியும்' என்பதன் சுருக்கம். விரிகிறது, ஆகவே ஸபேர்: ஸே ஸு நோம்ப்ரே. விலாசமும் விரியும்: ஸே ஸு திரெக்ஸியோன். பதில், தொலைபேசி எண், தேதி, விலை எல்லாம் இந்த வரிசை. ஆனால் 'அவர் வீட்டைத் தெரியும்' என்பது வீடு என்ன என்று விரியாது. பார்த்திருக்கிறேன், போயிருக்கிறேன் என்றுதான் மாறும். ஆகவே கொனோஸ்கோ ஸு காஸா. விலாசத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. இந்த ஒரு ஜோடியை மனத்தில் வைத்துக்கொண்டாலே பாதிச் சந்தேகம் போய்விடும்.

பாட்டு இரண்டு பக்கமும் நிற்கும் என்று மேலே சொன்னேன். கொனோஸ்கோ லா கன்ஸியோன்: கேட்டிருக்கிறேன், மெட்டு வந்தால் அடையாளம் தெரியும். மே ஸே லா கன்ஸியோன்: மனப்பாடம், பாடச் சொன்னால் பாடுவேன். அந்த முன்னால் வரும் 'மே' முழுவதுமாக, மனப்பாடமாக என்ற அழுத்தத்தைச் சேர்க்கிறது. வாய்ப்பாடு, பாடம், கவிதை எல்லாவற்றுக்கும் பிள்ளைகள் மே லோ ஸே என்பார்கள். பரீட்சைக்கு முந்தைய நாள் 'எல்லாம் தெரியும்மா' என்று சொல்லும் அந்தத் தெரியும். வழி, விதிகள், உண்மை ஆகிய சொற்களுக்கு இரண்டு வினையையும் ஸ்பானிஷ்காரர்களே பயன்படுத்துகிறார்கள். ஸே எல் கமீனோ என்பதும் சரி, கொனோஸ்கோ எல் கமீனோ என்பதும் சரி. பின்னதில் அந்த வழியில் போய்ப் பழகிய வாடை கொஞ்சம் இருக்கும். இங்கே தவறு செய்துவிடுவோமோ என்ற பயம் தேவையில்லை. மொழிக்கு ஸபேர் போதும்: ஸே உன் போகோ தே எஸ்பன்யோல், எனக்குக் கொஞ்சம் ஸ்பானிஷ் தெரியும்.

இரண்டும் ஒரே மூச்சில் வரும் ஓர் உரையாடல். மாட்ரிட்டில் தெருவில் ஒருவரை நிறுத்தி வழி கேட்கிறீர்கள்:

பெர்தோனே, ஸாபே தோந்தே எஸ்தா லா காயே தே அதோச்சா?

(மன்னிக்கவும், அதோச்சா தெரு எங்கே இருக்கிறது என்று தெரியுமா?)

நோ ஸே, நோ கொனோஸ்கோ எஸ்தே பார்ரியோ.

(தெரியவில்லை, இந்தப் பகுதி எனக்குப் பழக்கமில்லை.)

கேட்டது 'எங்கே என்று', அதனால் ஸபேர். அவருடைய முதல் பாதி உங்கள் கேள்விக்குப் பதில், அதுவும் ஸபேர். இரண்டாம் பாதியில் அவர் சொல்வது தனக்கும் அந்த இடத்துக்கும் உள்ள உறவை, அதனால் கொனொஸேர். தமிழிலும் இரண்டாவதற்குத் 'தெரியாது' என்பதைவிடப் 'பழக்கமில்லை', 'புதுசு' என்று சொல்வதுதான் இயல்பு என்பதைக் கவனியுங்கள். 'தெரியும்' இருக்கும் இடத்தில் 'பழக்கம்', 'அறிமுகம்', 'பார்த்திருக்கிறேன்' என்று மாற்றிச் சொல்ல முடிந்தால் கொனொஸேர். புதுச்சேரியில் பள்ளியில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது. ஸவ்வார், கொனேத்ர் என்ற ஜோடியும் ஏறக்குறைய இதே எல்லையில்தான் பிரிகிறது.

இதுவரை தமிழ் கைகொடுத்த இடங்கள். கெடுக்கும் இடங்களும் உண்டு, அவற்றை மறைக்கக் கூடாது. பெரியது 'எனக்கு'. தமிழில் தெரிவதும் பிடிப்பதும் 'எனக்கு'த்தான். ஸ்பானிஷில் பிடிப்பது அப்படியே: மே குஸ்தா எல் கஃபே, எனக்குக் காபி பிடிக்கும். இந்த வாக்கியத்தை ஆங்கிலம் பேசுகிறவர்கள் படாத பாடு பட்டுக் கற்கிறார்கள், நமக்கு முதல் நாளே புரிந்துவிடுகிறது. அந்த உற்சாகத்தில் 'எனக்குத் தெரியும்' என்பதையும் 'மே ஸாபே' என்று கட்டத் தோன்றும். கட்டாதீர்கள். ஸபேருக்கும் கொனொஸேருக்கும் எழுவாய் 'நான்': யோ ஸே, யோ கொனோஸ்கோ. இன்னொன்று, மே ஸாபே என்பதும் ஸ்பானிஷில் இருக்கிற தொடர்தான், ஆனால் அதற்குப் பொருள் 'எனக்கு இந்தச் சுவையாக இருக்கிறது' என்பது. அதனால் நீங்கள் சொன்னது தவறு என்றுகூடக் கேட்பவருக்கு உடனே படாது, எதையோ சாப்பிட்டதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று நினைப்பார்.

இன்னொரு சிக்கல், தமிழில் 'தெரிகிறது' என்றால் கண்ணுக்குப் புலப்படுவதும்தான். 'இங்கிருந்து மலை தெரிகிறது' என்பதற்கு இந்த இரண்டு வினையும் வேண்டாம்: ஸே பே லா மொந்தான்யா என்று பேர் (பார்த்தல்) என்ற வினையில் சொல்வார்கள். வகுப்பில் ஆசிரியர் சொன்னது புரியாதபோது 'தெரியலை' என்று வாயில் வருவதும் உண்டு. அங்கே நோ ஸே என்றால் விடை தெரியவில்லை என்று அவர் எடுத்துக்கொள்வார். புரியவில்லை என்றால் நோ என்தியேந்தோ.

'தெரியும்' என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும் பழக்கமும் நமக்கு உண்டு. ஸ்பானிஷில் ஸே என்று மட்டும் சொன்னால் மொட்டையாக இருக்கும், 'அது' என்ற லோ சேர வேண்டும்: ஸீ, லோ ஸே. யா லோ ஸே என்றால் 'எனக்கு ஏற்கெனவே தெரியும்'. குரலைப் பொறுத்து 'அதுதான் தெரியுமே' என்ற சலிப்பும் தொனிக்கும், பெரியவர்களிடம் பார்த்துச் சொல்லுங்கள். எதிர்மறையில் நோ ஸே, நோ லோ ஸே இரண்டும் வழக்கில் உண்டு.

இறந்தகாலம் உங்கள் பாடத்தில் இன்னும் வந்திருக்காது. ஆனாலும் ஒரு விஷயத்தை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் ஸ்பானிஷில் இது மிகக் கடினம் என்று பயமுறுத்துவார்கள். ஸ்பானிஷில் முக்கியமான இறந்தகாலம் இரண்டு. ஒன்று நீடித்த நிலைக்கு, இன்னொன்று நடந்து முடிந்த நிகழ்வுக்கு. ஸபேருக்கு முறையே ஸபீயா, ஸூபே. இரண்டையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் எழுதினால் வித்தியாசம் மறைந்துவிடும். தமிழில் பாருங்கள்: 'எனக்கு அப்போதே தெரியும்', 'எனக்கு நேற்றுதான் தெரிந்தது'. முதலாவது நிலை, அது ஸபீயா. இரண்டாவது தெரியவந்த நிகழ்வு, அது ஸூபே. நாம் யோசிக்காமலே தினமும் செய்யும் பிரிவினை இது. (பேச்சில் 'நேற்றுதான் தெரிந்தது' என்பதற்கு மே எந்தெரே என்பதையும் நிறையக் கேட்பீர்கள்.) கொனொஸேரிலும் அதே கதை. கொனொஸீ ஆ ஆனா என் 2019: ஆனாவுடன் 2019இல் அறிமுகமானது. கொனொஸீயா ஆ ஆனா: ஆனாவை எனக்கு அப்போது தெரிந்திருந்தது, பழக்கம் இருந்தது. ஒரு தம்பதியிடம் எப்படிச் சந்தித்தீர்கள் என்று கேட்டால் நோஸ் கொனொஸீமோஸ் என்றுதான் கதை தொடங்கும்.

இதில் தமிழர்கள் கவனிக்க வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. யாராவது ஒரு செய்தியைச் சொன்னதும் நாம் 'அப்படியா, எனக்குத் தெரியாதே!' என்போம். சொல்வது 'தெரியாது' என்பதால் நோ லோ ஸே என்று வாயில் வரும். ஆனால் இப்போதுதான் அவர் சொல்லிவிட்டாரே, இனி உங்களுக்குத் தெரியும். இந்த நொடிவரை தெரியாமல் இருந்தது என்பதைத்தான் சொல்ல வேண்டும்: நோ லோ ஸபீயா. 'நாளைக்கு விடுமுறை' என்று ஒருவர் சொன்னதற்கு நோ லோ ஸே என்று பதில் சொன்னால், அவர் சொன்னதையே நீங்கள் சந்தேகப்படுவது போல இருக்கும். தொடக்க நிலையிலேயே நோ லோ ஸபீயாவை இலக்கணம் பார்க்காமல் ஒரு முழுத் தொடராக மனப்பாடம் செய்துவிடுங்கள். ஒரு நாளில் பல முறை தேவைப்படும். அதே போல நோ ஸூபே கே தெஸீர், 'என்ன சொல்வதென்றே தெரியவில்லை', கொஞ்சம் பின்னால் கைகொடுக்கும்.

பழகுவதற்கு என் யோசனை: முதல் மாதத்தில் நான், நீ, நீங்கள் ஆகிய மூன்று வடிவங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரையும் ஓர் ஊரையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வினையிலும் வாக்கியம் எழுதுங்கள். கொனோஸ்கோ ஆ மி பெஸீனா, பக்கத்து வீட்டுப் பெண்மணியைத் தெரியும். ஸே கோமோ ஸே யாமா, அவர் பெயர் தெரியும். ஸே தோந்தே த்ரபாஹா, எங்கே வேலை செய்கிறார் என்று தெரியும். நோ ஸே ஸி ஸாபே கொஸினார், அவருக்குச் சமைக்கத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. இந்தக் கடைசி வாக்கியத்தில் ஸபேர் இரண்டு முறை வருகிறது, இரண்டு அமைப்பிலும். இதைத் தடுக்காமல் சொல்ல வந்துவிட்டால் ஸபேர் கைக்கு வந்துவிட்டது. தனிச்சொற்களாக அட்டையில் எழுதி மனப்பாடம் செய்வதை நான் பரிந்துரைப்பதில்லை. 'ஸபேர் = தெரியும், கொனொஸேர் = தெரியும்' என்று எழுதிய அட்டையால் ஒரு பயனும் இல்லை.

உறைந்துபோன சில தொடர்களை அப்படியே வாங்கிக்கொள்ளலாம். கியேன் ஸாபே: யாருக்குத் தெரியும்! கே யோ ஸேபா: எனக்குத் தெரிந்தவரை. யோ கே ஸே: எனக்கென்ன தெரியும், கொஞ்சம் அலட்சியமான தொனி. நோ ஸே நாதா தே ஆனா என்றால் ஆனாவைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதைவிட, ஆனாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை என்ற பொருளில் அதிகம் வரும். ஆனாவைப் பிரிந்து இருக்கிறவர், கவலையோடு சொல்வது.

சுவை என்ற பொருளை முன்பு தொட்டேன். லா ஸோபா ஸாபே ஆ ஆஹோ: சூப்பில் பூண்டு வாசம் அடிக்கிறது, பூண்டுச் சுவை. இது ஸபேரின் ஒட்டுப்பொருள் அல்ல, மூலப்பொருள். லத்தீன் ஸபெரே என்பதற்குச் சுவைத்தல், சுவையாயிருத்தல், பகுத்தறிவோடிருத்தல் என்ற பொருள்கள் உண்டு. மனித இனத்தின் அறிவியல் பெயரிலுள்ள சேப்பியன்ஸ் அதே வேர்தான். உணவகத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஸாபே காதில் விழுந்தால், யாருக்கு என்ன தெரியும் என்று தேடாமல் முதலில் தட்டைப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று, ஈக்வடார், பெரு, பொலிவியா, அர்ஜென்டினா பக்கத்து ஆட்களோடு பேசப் போகிறீர்கள் என்றால். அங்கே பல இடங்களில் ஸபேர் 'வழக்கமாகச் செய்வது' என்ற பொருளிலும் வரும். ஆனா ஸாபே பெனீர் லோஸ் தொமிங்கோஸ் என்றால் ஆனாவுக்கு வரத் தெரியும் என்று பொருளல்ல, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆனா வருவாள், அது வழக்கம் என்று பொருள். ஸ்பெயினில் இதற்கு ஸொலேர் என்ற வேறு வினையைப் பயன்படுத்துவார்கள். தொடக்க நிலையில் நீங்கள் இப்படிப் பேச வேண்டியதில்லை. ஸபேரோடு நாளோ நேரமோ சேர்ந்து வந்து, 'தெரியும்' என்ற பொருள் ஒட்டாமல் நின்றால், பேசுகிறவர் எந்த ஊர் என்று கேட்டுவிடுங்கள்.